அண்ணாச்சி ஃபீஸ் வாங்கவில்லை

என் அக்கா பேத்திக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. செல்போனில் படம் எடுத்து எடுத்து அலுத்துவிட்டதாம். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, தலைகீழாகத் தெரியும் உருவத்தைக் கண்ணாடியில் பார்த்து, ஒரு படத்துக்கு அரை மணி நேரம் மெனக்கெடும் பெரிய கேமராவில் பழக வேண்டுமாம். அதற்குப் பயிலரங்கு தேடிக்கொண்டிருந்தாள். "அமெரிக்காவுல நிறைய இருக்கு தாத்தா, நம்ம ஊர்லதான் சொல்லித்தர ஆளே கிடையாது" என்றாள்.

ஆள் இருந்தார். சொல்லித்தரத்தான் மாட்டார்.

1960-களின் நடுவில், திருநெல்வேலியில் ஒரு மாடி ஸ்டுடியோவில் நான் சேர்க்கப்பட்டேன். கட்டணம் கிடையாது, சம்பளமும் கிடையாது, மத்தியானச் சாப்பாடு மட்டும் உண்டு. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கூரையில் வடக்குப் பார்த்த சரிவில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அது வழியே வெளிச்சம் வரும். அதன் கீழே தேக்கும் பித்தளையுமாக நின்றது வாகீஸ்வரி கேமரா. ஆலப்புழையில் இசைக்கருவி செய்யும் குடும்பத்திலிருந்து வந்த கருணாகரன் என்பவர் 1940-களில் செய்ய ஆரம்பித்தது. ஹார்மோனியத்துக்குத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராவுக்கு மடிப்பது பெரிய காரியமா?

அந்தக் கேமராவின் துணிக்குள் தலையை விட எனக்கு அனுமதி இல்லை. "ஏலே, துணிக்குள்ள தலய விடாதல. அதுக்கெல்லாம் நாளிருக்கு" என்பார். தட்டுக் கழுவுவது, தண்ணீர் சுமப்பது, ஹைப்போ கொட்டிய தரையைத் துடைப்பது, குரூப் போட்டோவுக்கு வந்த பெரியவர்களுக்கு நாற்காலி போடுவது, இவைதான் பாடத்திட்டம். டெவலப்பருக்கு மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் நிறுக்கும் நேரம் பார்த்துத் தவறாமல் எனக்கு டீ வாங்கிவரும் வேலை வரும். அந்த அளவை அவர் உயிரோடு சேர்த்துக் காப்பாற்றினார். பிளேட் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் அது இங்கிலீஷில் அச்சடித்தே வந்துகொண்டிருந்தது என்பதை ஸ்டுடியோவை விட்டு வந்த பிறகுதான் கவனித்தேன். அண்ணாச்சிக்கும் எனக்கும் இங்கிலீஷ் வராது. ரகசியம் பத்திரமாக இருந்தது.

இருட்டறையில் கண்ணாடி பிளேட்டின் மூலையில் நாக்கு நுனியை வைப்பார். ஒட்டினால் அது மருந்துப் பக்கம். அந்தப் பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி, கேமராவில் மாட்டும் சிலைடில் போட வேண்டும். இதையும் அவர் சொல்லித்தரவில்லை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அவர் நாக்கை நீட்டுவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் என்று பயந்து, பிறகு புரிந்துகொண்டதுதான். சிவப்பு விளக்கு எரியலாம் என்றால் அந்த பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது என்று பொருள். அதனால்தான் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் மணப்பெண் நெற்றியில் குங்குமம் கன்னங்கரேலென்று மையாக இருக்கும்.

டச்சிங்தான் ஸ்டுடியோவின் உயிர். கழுவிக் காய்ந்த நெகட்டிவைச் சாய்மேசையில் வைத்து, பின்னாலிருந்து கண்ணாடி வழியே வெளிச்சம் வரவிட்டு, மருந்துப் பக்கத்தில் லேசாக மீடியம் தடவுவார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கிய பென்சில் முனையால் குட்டிக் குட்டிச் சுழிகளாகப் போட்டுக்கொண்டே போவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே கறுப்பு போகும், எழுபது வயதுக்காரருக்கு ஐம்பது வயது ஆகும். கொஞ்சம் அழுத்தினால் முகத்தில் தேமல் விழுந்துவிடும். அந்தப் பென்சில் என் கைக்கு வருவதற்குள் இன்றைக்கு ஒரு பிள்ளை டிகிரி முடித்து வேலைக்கே போய்விடலாம்.

இதையெல்லாம் முறையாகச் சொல்லித்தர இந்த மண்ணில் ஏற்பாடே இல்லாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளியில் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே புகைப்படம் கற்பித்தார்கள். 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி வந்தது. அந்த ஆண்டே அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப் மதுரைக்கும் தஞ்சைக்கும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 1858-ல் 21 காகித நெகட்டிவ்களில் பகுதி பகுதியாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். அமெரிக்காவில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டியில் ஆண்டுதோறும் வகுப்பு நடத்த ஆரம்பித்தது 1955-ல். நமக்கு நூறு வருஷம் முந்திக் கிடைத்ததை, அது குடும்பத் தொழிலாக மாறியதும், மாடிப்படிக்கு மேலே ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

கதவைத் திறந்துவிட்டவன் சின்ன ரோல் பிலிம். அப்புறம் கலர் லேப் வந்தது. பழைய நெகட்டிவ்களில் மருந்தைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியைச் சாமி படத்துக்குச் சட்டம் போட எடுத்துக்கொண்டார்கள். வாகீஸ்வரி பழைய சாமான் கடைக்குப் போனது. அதன் சாதிக்காரக் கேமராக்களை இப்போது லென்ஸ் இல்லாமல் காபிக்கடைகளில் அலங்காரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

பேத்தி ஒருவழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வார இறுதிப் பயிலரங்கைக் கண்டுபிடித்தாள். தங்குமிடம், சாப்பாடு, சான்றிதழ் சேர்த்து அவர்கள் கேட்ட தொகைக்கு அண்ணாச்சி அந்த நாளில் மாடியோடு கட்டடத்தையே விற்றிருப்பார். பணம் கட்டுமுன் சிலதைக் கேட்கச் சொன்னேன். ஒரு கேமராவுக்கு எத்தனை பேர்? ஆளுக்கு எத்தனை ஷீட் பிலிம்? கழுவுவது நாமா, அவர்கள் கழுவுவதை வேடிக்கை பார்ப்பதா? பதில் வந்தது: நான்கு பேருக்கு ஒரு கேமரா, ஆளுக்கு நான்கு ஷீட், கழுவுவது நாமே. மோசமில்லை. ஒரு ஷீட் விலையே நூற்றுக்கணக்கில் இருக்கும்போது வேறென்ன கொடுப்பார்கள்? துணைக்கு என்று நானும் போனேன்.

ஆசிரியர் தாடி வைத்த பையன், நல்ல பிள்ளை. தெரிந்ததை மறைக்கவே தெரியவில்லை அவனுக்கு. டெவலப்பர் அளவைப் பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னான். எனக்கு எழுந்து டீ வாங்கப் போக வேண்டும்போல இருந்தது.

பலகையில் மூன்று கோடு போட்டு, லென்ஸையும் பிலிமையும் சாய்த்தால் மூன்று தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கும், ஷார்ப்பாக விழும் தளமும் கூடவே சாயும், இது ஷைம்ப்ஃப்ளூக் விதி என்றான். தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் ஆஸ்திரியப் படை அதிகாரியாம். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்த 1904-ல் காப்புரிமை வாங்கினாராம். அண்ணாச்சி இதைப் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் தினமும் செய்தார். கேமராவின் பின்பலகை மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ப்பார். "முன்வரிசைக் காலும் பின்வரிசை மண்டையும் ஒண்ணா நிக்கும்ல" என்பார். காரணம் கேட்டால் டீ.

அடுத்தது ஆடம்ஸின் ஸோன் சிஸ்டம். முழுக் கறுப்பு பூஜ்யம், முழு வெள்ளை பத்து, நடுச்சாம்பல் ஐந்து. வெயில் பட்ட வெள்ளைக்காரர் முகம் ஆறு. "நம்ம முகமெல்லாம் ஐந்து, சிலருக்கு நாலு. அதை அப்படியே விடுறதுதான் நேர்மை" என்றான் பையன். எல்லோரும் தலையாட்டினார்கள். திருநெல்வேலி ஜில்லாவையே பென்சிலால் ஆறுக்கு ஏற்றிவிட்ட அண்ணாச்சியை நான் அங்கே காட்டிக்கொடுக்கவில்லை.

இருட்டறையில்தான் கூத்து. பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமை வெட்டி வைத்திருந்தார்கள். மலிவு, சிவப்பு விளக்கிலும் கையாளலாம். நல்ல ஷீட் பிலிமென்றால் மூலையில் வெட்டுக் குறி இருக்கும். நிமிர்த்திப் பிடித்து, குறி வலதுமேல் மூலையில் இருந்தால் மருந்து நம்மைப் பார்க்கிறது. வெட்டிய எக்ஸ்ரே பிலிமில் குறியெல்லாம் ஏது? பேத்தி என்னைப் பார்த்தாள். நான் பழைய வழக்கப்படி நாக்கை வைத்தேன். ஒட்டியது. திருப்பி வைத்தேன். அந்தப் பக்கமும் ஒட்டியது. "அதுக்கு ரெண்டு பக்கமும் எமல்ஷன் சார், எப்படிப் போட்டாலும் சரி, கீறாமப் போடுங்க" என்றான் பையன் பணிவாக.

அவள் எடுத்த நான்கில் ஒன்று நன்றாக வந்தது: கடலோரத்தில் வலை பிரிக்கும் ஒரு அம்மாள், முகம் ஐந்தாம் ஸோனில், கன்னத்துத் தழும்பு துல்லியமாக. அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் குழியையெல்லாம் எடுத்துட்டுத் தரக்கூடாதா கண்ணு?" என்று கேட்டார்.

கேட்டது என்னமோ என்னைப் பார்த்துத்தான். நெகட்டிவை வாங்கி, ஜன்னல் கண்ணாடியில் சார்த்தி, பையில் கிடந்த பென்சிலைக் கூர்தீட்டி, கன்னத்தில் மட்டும் கொஞ்சம் போட்டேன். பென்சில் பிடிக்க மீடியம் இல்லாததால் அரைகுறையாகத்தான் வந்தது. தாடிக்காரப் பையன் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் நின்றான். நேர்மையை அதற்குள் மறந்துவிட்டான். "சார், இதை யாருமே சொல்லித்தர்றதில்ல. அடுத்த பேட்ச்சுக்கு நீங்க ஒரு செஷன் எடுக்கணும்."

எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன்.

"முக்கால் மணி நேரம் சார். லஞ்சுக்கு முன்னாடி."

நான் பதில் சொல்வதற்குள் பேத்தி எனக்கு ஃபீஸ் பேச ஆரம்பித்துவிட்டாள். உப்புத்தாளும் மீடியமும் அவர்கள் செலவு என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன்.