ஆளுக்கொரு குத்து

பள்ளி ஆண்டு விழாவில் ‘ஜூலியஸ் சீசர்’ போடுவதென்றால் பாதுகாப்புதான் முதல். கத்தி அட்டை, மேலே ஜிகினாத்தாள். ஷேக்ஸ்பியர் காலத்து மேடையில் ஆட்டு ரத்தத்தைப் பையில் கட்டி ஒளித்து வைப்பார்களாம். நமக்கு பீட்ரூட் சாறு, கெட்டிக்குக் கொஞ்சம் சோளமாவு. சைவப் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் கொலை செய்யலாம்.

கி.மு. 44இல் அசல் சீசருக்கு விழுந்தது 23 குத்து. அதில் ஒன்றுதான் உயிரைப் பறித்தது என்றார் உடலைப் பார்த்த வைத்தியர். சதிகாரர்களோ 60 பேருக்கு மேல். மற்றவர்கள் சும்மாவா வந்தார்கள்? ரோமாபுரியில் நிர்வாகம் அவ்வளவுதான்.

இங்கே அந்தப் பாரபட்சம் கிடையாது. உடைக் கட்டணம் கட்டிய எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு குத்து, முகம் கேமரா பக்கம். “சரியா விழலடா கண்ணா” என்று முன்வரிசையிலிருந்து அம்மா குரல் கொடுத்தால் இன்னொன்று. சீசர் பொறுத்துக்கொள்வார். தாளாளரின் பேரன் என்பதால் அவர் சாக வேண்டியதில்லை என்று கமிட்டியில் முன்பே முடிவாகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு நிஜ ரத்தம் வந்தது, சீசரின் மேல்துண்டுக்கு ஊக்கு மாட்டிய டீச்சரின் கட்டைவிரலில். ஆகவே பெற்றோர் கவனத்துக்கு: அடுத்த ஆண்டு முதல் ஊக்குக்கு முற்றிலும் தடை. கத்தியை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்பலாம்.