ஓகேயின் குலமும் கோத்திரமும்

‘ஓகே’ என்ற சொல்லுக்கு எழுத்து இரண்டே. பெற்றோர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களோ ஏராளம். அது சோக்டா பழங்குடியினரின் சொல் என்று நம்பிய அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், கோப்புகளில் ‘ஓகே’யை அதற்கேற்ற எழுத்துக்கூட்டலிலேயே எழுதி ஒப்புதல் தந்தார். ‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் ‘ஓலா கலா’தான் மூலம் என்பது கிரேக்கர் கட்சி. ஈழத்து ‘ஓம்’ கைவசம் இருப்பதால் நாமும் ஒரு வழக்குப் போடலாம். அடக்கம் கருதி விட்டுவிடுவோம். இவ்வளவு புழங்கும் சொல் நல்ல குடும்பத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்ற ஆசையே இந்த உரிமைக் கோரிக்கைகள் அனைத்துக்கும் அடிப்படை. சான்றுகள் அந்த ஆசைக்கு இடம் தரவில்லை. ஓகே வேண்டுமென்றே செய்யப்பட்ட எழுத்துப்பிழை.

அலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் பழைய நாளேடுகளைத் துருவி 1960களில் இதை நிறுவினார். 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ இதழில் ‘ஆல் கரெக்ட்’ என்பதன் சுருக்கமாக இது அச்சேறியது. முறைப்படி ‘ஏ.சி.’ என்றல்லவா வரவேண்டும்? சொற்களைத் தப்பும் தவறுமாக எழுதி, அந்தத் தப்பையே சுருக்குவது அன்றைய பத்திரிகையாளர்களின் குறும்பு. அப்படியானால் ‘ஆல் ரைட்’டைச் சிதைத்துப் பிறந்த ‘ஓ.டபிள்யூ.’ ஏன் செத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத் தேர்தல் யோகம் இல்லை. 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் பியூரன் கிண்டர்ஹுக் என்ற ஊர்க்காரர். ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்று ஆதரவாளர்கள் அவரைக் கொண்டாடி, ஓ.கே. மன்றம் வைத்தார்கள். அவருடைய அரசியல் குருவான ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததால் வந்ததே ஓ.கே. என்று எதிரணி கதை கட்டியது. ஒரே இரண்டெழுத்தை இரு கட்சியும் தொண்டை கிழியக் கத்தினால் ஊர் மறக்குமா? வான் பியூரன் தோற்றார், சொல் ஜெயித்தது.

ஆகவே கிண்டர்ஹுக்கே பிறப்பிடம் என்று வாதிடுவோர் நாட்காட்டியைப் பார்க்கட்டும்: அச்சேறியது 1839, தேர்தல் 1840. சோறு போட்டவர் எல்லாம் பெற்றவர் ஆகிவிட மாட்டார். கேலிக்குப் பிறந்த சொல்லுக்கு ஏது கௌரவம் என்ற ஆட்சேபமும் நிற்காது. தந்திக்காரர்களும் ரயில்வேக்காரர்களும் இதைக் கடமையோடு தட்டியனுப்பினார்கள். 1969இல் ஈகிள் கலம் நிலவைத் தொட்டதும் ஆல்ட்ரின் உதிர்த்த முதல் சொற்களிலும் ‘ஓகே’ உண்டு. அது எழுத்துப்பிழை என்று ஹூஸ்டனிலிருந்து யாரும் திருத்தவில்லை.