தொட்டிநீர்க் கலங்கலும் உறவினர் வருகையும்: புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஷோகேஸுக்கும் டிவிக்கும் நடுவே செடி வைத்த மீன்தொட்டி ஒன்று குடியேறிவிட்ட வீடுகளில் தண்ணீர் ஏன் கலங்குகிறது என்னும் வினா இதுவரை ஆய்வுலகின் கண்ணில் படவில்லை. தலைப்பு சிறிது என்று நகைப்போர் பாகூர்ச் செப்பேட்டை நினைவில் கொள்க. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் இவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வந்தன. மூன்று ஊர் வருமானத்தில் படித்த மண், பாசியைப் பற்றி நாலு பத்தி தாங்கும்.

கருதுகோள் இதுவே: தொட்டிநீரின் கலங்கல், அவ்வீட்டில் மீன்மீது அன்பு கொண்டோரின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

முன்னோர் ஆய்வை முதலில் பார்ப்போம். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்துச் சோதித்து, முடிவை 1850இல் அறிவித்தார். மீன் விடும் கரியமிலவாயு செடிக்கு, செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு, இடையில் யாருக்கும் வேலை இல்லை என்பது திட்டம். நடந்தது வேறு. பழுத்த இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சை வழவழப்பு ஏறியது, தண்ணீர் கலங்கியது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்ன, நீர் தெளிந்தது. நத்தைக்கே முழுப் பெருமையும் தருவது மரபு. அவர் வீட்டுக்குத் தேர் பார்க்க உறவினர் எவரும் வரவில்லை என்பதை அறிஞர்கள் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டனர்.

பாசியைத் திட்டுவதற்கு முன் அதன் தகுதியையும் அறிய வேண்டும். இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைக்காரர். அவர் மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே ஒரு தடித்த நூலை 1959இல் வெளியிட்டார். இந்திய நெல்வயல்களில் தழைச்சத்தை நிலைநிறுத்துவது இந்த நீலப்பச்சைப் பாசிதான் என்று பி.கே. டே 1939இலேயே காட்டினார். அன்றுதொட்டு அது உயிர் உரம். பாகூர்க் கழனியில் பாக்கெட் வாங்கித் தூவப்படும் ஓர் உயிர், அதே வீட்டு ஹாலில் மணல்மேல் படலமாகப் படர்ந்தால் "நாத்தம் புடிச்ச சனியன்" ஆகிவிடுகிறது. வயலில் மரியாதை, வீட்டில் வசவு. இது பாசிக்கு மட்டும் நேர்வதன்று என்பதால் மேலே செல்வோம்.

கலங்கல் மூவகைப்படும். பழுப்பு, மரக்கட்டையிலிருந்தோ பாதாம் இலையிலிருந்தோ இறங்கும் சாயம், கெடுதல் இல்லை. பச்சை, நீரில் மிதக்கும் நுண்பாசி. கிழக்குச் சன்னல் வெயிலும், இரவு சீரியல் முடியும்வரை எரியும் விளக்கும் சேர்ந்து வளர்த்தது. இவ்விரண்டையும்விட வெள்ளையே ஆழமானது. தொட்டி வைத்த சில நாளில் தண்ணீர் மங்குகிறது. பெருகி மிதக்கும் பாக்டீரியாக்களே காரணம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் வேறு பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பொறுப்பவர் யார்? "இன்னாடா இது, கழனித்தண்ணியாட்டம் இருக்குது" என்று தாத்தா கேட்ட அன்றே மொத்தத் தண்ணீரும் கொட்டப்படுகிறது. பிளீச்சிங் பவுடர் மணக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் ஸ்பாஞ்ச் அலசப்படுகிறது. குடியேற வந்தவை குளோரினில் மடிகின்றன. கலங்கல் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

பரிகாரங்களில் தொன்மையானது தேற்றாங்கொட்டை. நெய்தற்கலியில் உவமையாகவே வரும் அளவுக்குப் பழையது. கலத்தின் உட்புறம் தேய்த்தால் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். குடிநீருக்குச் சரி, தொட்டியிலோ படிந்தது அங்கேயே கிடக்கும், பாசிக்குச் சோறு போட்ட காரணமும் அங்கேயே கிடக்கும். படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைத்து மீனையும் சோதிக்கும். கடைக்காரர் தரும் நீலத் திரவத்தைப் பற்றி இவ்வாய்வு மௌனம் காக்கிறது.

இனி மையச் சான்று. வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலம்தொட்டு வரும் மரபு. ஆளுநர் வந்தால் ஊர் வரும். ஊரோடு அத்தையும் வருவார். "மீன் வாயத் தொறந்து தொறந்து மூடுது பாரு, பாவம், பசிக்குது." மீன் மூச்சுவிடுகிறது என்ற உயிரியல் இங்கு எடுபடாது. தீவனம் விழுகிறது, தின்னாதது அழுகுகிறது, பெருகிய பாக்டீரியா ஆக்ஸிஜனை உறிஞ்ச, மீன்கள் மேலே வந்து இன்னும் வேகமாக வாயைத் திறக்கின்றன. பசி முற்றியதாக முடிவுசெய்து அத்தை மறுபடி டப்பாவைத் திறக்கிறார். தேர் நிலைக்கு வந்த சில நாளில் தொட்டியில் மீன் தெரிவதில்லை.

தீவனம் போகட்டும், தொட்டிச் செடிக்கு இடும் உரத்தை அடியோடு நிறுத்திப் பாசியைப் பட்டினி போடலாம் என்பார்க்கு 1840இலேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பதில் சொல்லிவிட்டார்: பயிரின் வளர்ச்சி, குறைந்திருக்கும் ஒரே சத்தின் அளவோடு நின்றுவிடும். செடி நின்றால் மிச்சச் சத்து பாசிக்கு. பாகூர் விவசாயி லீபிக்கைப் படிக்காமலே இதை அறிவார். பயிர் கட்டி மூடாத இடத்தில் யூரியா களைக்குத்தான். ஆகவே தொடக்கத்திலேயே ஹைட்ரில்லா, கபோம்பா போன்ற வேகமாய் வளரும் செடிகளை நெருக்கி நடுவதே சரி. விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், டைமர் வைத்து. வாரம் ஒருமுறை மூன்றிலொரு பங்கு தண்ணீர், ஒருநாள் வாளியில் வைத்துக் குளோரின் போக்கியது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிய வேண்டும். பச்சை முற்றினால் மூன்று நான்கு நாள் போர்வையால் மூடி இருட்டாக்கினால் தெளியும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மடிந்த பாசியை உடனே தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும்.

அத்தையை மாற்ற முடியுமா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே வில்லியனூர், பாகூர்வாழ் தொட்டி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடியேற்றத்தன்றே தீவன டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவியைத் தாத்தாவிடம் கொடுக்க வேண்டாம்.