முட்டை அட்டையும் 47 ஹெர்ட்ஸும்

ஹோம் தியேட்டர் ரிசீவர் மைக்கை வைத்து எல்லாவற்றையும் தானே அளந்து முடித்த பிறகு, அந்தக் கணக்கில் நம்பிக்கை வராத வீட்டுக்காரர் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து போடும் மறுகணக்குக்குத் திருத்தம் என்று பெயர். திருத்தத்துக்கு உள்ளாகுபவை ஸ்பீக்கரின் அளவு, தூரம், ஒலிமட்டம், அறை ஆகிய நான்கு. இவை போக, சப்வூஃபரின் பின்பக்கத்தில் ஃபேஸ் குமிழ் ஒன்று உண்டு. (ஃபேஸ் வேறு, பேஸ் வேறு. கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே குமிழைத்தான் காட்டுவார்கள்.) அதை 0-வில் வைப்பதா, 180-இல் வைப்பதா என்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கும் எளிய முறை இக்கட்டுரையின் முடிவில் விளக்கப்படும்.

அளவீட்டுக்கு முதல் தேவை அமைதி. ஆடிசி, யமஹாவின் ஒய்பாவோ, டிராக் லைவ் என்று முறைகளின் பெயர் எதுவானாலும், ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கூவும்; மைக் கேட்டுக்கொண்டிருக்கும்; மைக்கை ஆறு முதல் எட்டு இடங்களுக்கு மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சேலம் அம்மாபேட்டைப் பக்கத்திலோ பள்ளிபாளையத்திலோ குடியிருப்பவருக்கு இது பெரும்பாடு. பக்கத்து விசைத்தறி நிற்கும் நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாள். அன்றைக்கு ரிசீவரும் நிற்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம், மின்விசிறியை அணைத்து, குக்கர் விசில் முழுவதும் அடங்கிய பிறகு, வியர்வை வழிய, குடும்பத்தார் யாரும் இருமாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பதே வழக்கம். சித்திரையில் இது தவத்தோடு சேரும்.

அடுத்தது ஸ்பீக்கரின் அளவு. நான்கு அங்குல வூஃபர் கொண்ட, செருப்புப் பெட்டிக்குச் சற்றே பெரிய ஸ்பீக்கரை ரிசீவர் ‘பெரியது’ என்று எழுதிவைப்பது உண்டு. சுவர் ஓரமாக இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து அடி ஒலி கூடுதலாகக் கேட்பதால் மைக் ஏமாந்துபோகிறது. இதைச் ‘சிறியது’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது அடி ஒலியைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். 80-க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் சொல்லாது என்பதால் டிஎச்எக்ஸ் தரமும் அந்த எண்ணையே எடுத்துக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தன் கையாலேயே சிறியது என்று எழுத மனம் வராமல் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

தூரம் என்பது உண்மையில் தூரமே அல்ல. நாடா பிடித்தால் ஒன்பது அடியில் இருக்கும் சப்வூஃபரை ரிசீவர் பதினான்கு அடி என்று காட்டும். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சில மில்லி விநாடி தாமதப்படுத்துகிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஓர் அடிக்குச் சற்று அதிகமாகப் போவதால், அந்தத் தாமதத்தையும் ரிசீவர் அடிக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதைத் தொடக்கூடாது. தொடாதவர் யாரும் இல்லை. நாடா வைத்திருப்பவனுக்கு ரிசீவர் பொய் சொல்வது போலவே தோன்றும். இன்னும் நுட்பமானவர்கள், 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி 40 டிகிரியில் 355 மீட்டர் போகும் என்று படித்துவிட்டு, சித்திரைக்கு ஒன்றும் மார்கழிக்கு ஒன்றுமாகத் தனித்தனி செட்டிங் குறித்துவைப்பார்கள். எல்லா ஸ்பீக்கரின் ஒலிக்கும் வேகம் ஒரே விகிதத்தில் கூடுவதால் இதனால் காதுக்குத் தெரியும் பயன் ஒன்றும் இல்லை. அப்படிக் குறித்துவைத்தவர் யார் என்பது இங்கே தேவையற்றது.

ஒலிமட்டம் அரை டெசிபல் படிகளில் ஏறி இறங்கும். மனிதக் காது வித்தியாசம் உணர ஏறத்தாழ ஒரு டெசிபலாவது வேண்டும். சென்டர் ஸ்பீக்கரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் வசனம் தெளியும். வீட்டில் மற்றவர்கள் கவனித்துச் சொல்லும் ஒரே திருத்தம் இதுதான்.

நான்காவது, அறை. பன்னிரண்டடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றுகொள்ளும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் காதில் கும்மென்று இடிக்கும். நடுவில் உட்கார்ந்தால் அதே ஒலி காணாமல் போகும். சோபாவை இரண்டடி முன்னால் நகர்த்தினாலே பாதி தீரும். ஆனால் சோபா சுவரோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பது எந்த வீட்டிலும் மறுபரிசீலனைக்கு வராத விதி. எனவேதான் முட்டை அட்டை வருகிறது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு என்றாலும், நாமக்கல்லில் அது சொந்தக்காரர் வழியாகப் பரவுகிறது. “மாமா, முட்டை அட்டைக்கு நம்மூர்ல பஞ்சமுங்களா? நாளைக்கே வண்டியில போட்டு உடறனுங்க” என்பார் மச்சினர். போட்டும் விடுவார். ஓர் அட்டை ஏறத்தாழ ஒரு சதுர அடி. பன்னிரண்டுக்குப் பத்து அறை, பத்தடி உயரம். கதவு ஜன்னல் போகச் சுவர் நானூறு சதுர அடி. ஆக நானூறு அட்டை. அட்டைக்கு முப்பது என்று பன்னிரண்டாயிரம் முட்டை. நல்ல முட்டைக்கோழி ஆண்டுக்கு முந்நூறு இடும் என்றால், நாற்பது கோழிகளின் ஓராண்டு உழைப்பு சுவரில் ஏறுகிறது. கோழிகளிடம் யாரும் கேட்கவில்லை. அட்டையை இனாமாக வாங்காமல் முட்டையோடு வாங்கி, நான்கு பேர் குடும்பம் ஆளுக்கொன்றாகத் தின்று தீர்க்க மூவாயிரம் நாள், அதாவது எட்டு ஆண்டுக்கு மேல். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, புரட்டாசி மாதம் முழுவதும் ஆகியவற்றைக் கழித்தால் பதின்மூன்று ஆண்டுக்குக் குறையாது. அதற்குள் ரிசீவர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அட்டை ஒட்டக் காரணமே இருக்காது. முட்டையின் விலை ஐந்து காசு ஏறினாலும் மறுநாள் செய்தித்தாளில் வருகிற ஊரில், அட்டையால் ஒலிக்கு என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆவது இதுதான்: அட்டையின் குழி இரண்டு அங்குலம், 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபத்து நான்கு அடி. அந்த அலைக்கு அட்டை ஒட்டிய சுவரும் ஒட்டாத சுவரும் ஒன்றே. கீச்சென்ற மேல் ஒலியைக் காகிதக்கூழ் கொஞ்சம் விழுங்கும். கும்மென்ற இடி அப்படியே இருக்கும். காகிதம் தீப்பிடிக்கும். பல்லிக்குக் குழி வசதியாக இருக்கும், குழிக்கு ஒன்றாகத் தங்கலாம்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. அறை மாறினால் மறுபடி அளக்க வேண்டும் என்பது கையேட்டிலேயே இருப்பதால், அட்டை ஒட்டியவர், வீட்டுக்காரர் வெளியிலிருந்து திரும்புவதற்குள் உதவி செய்யும் நோக்கத்துடன் மைக்கைச் செருகக்கூடும். செருகியதும் பல ரிசீவர்களில் அளவீட்டுத் திரை தானாகவே திறக்கும். அவர் ஓகேயை அழுத்துவார். மைக் சோபாவில் அல்லாமல் அட்டைக் கட்டின் மேல், ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும். பழைய கணக்கின் மேல் புதுக் கணக்கு எழுதப்படும்: ஸ்பீக்கர் மீண்டும் பெரியது, சப்வூஃபர் மீண்டும் பதினான்கு அடி, சென்டர் மீண்டும் முணுமுணுப்பு. பதினான்கு நாள் திருத்தம் பதினைந்து நிமிடத்தில் காலி. இது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. “நல்லதுக்குத்தானுங்களே பண்ணுனேன்” என்பவரிடம் கோபப்பட நூல்களில் வழி சொல்லப்படவில்லை. அதற்கு மேல், அவருக்குச் சாப்பாடும் போட வேண்டியிருந்தது.

திருத்தம் முடிந்ததும் தெரிந்த படம் ஒன்றைப் போட்டுச் சோதிப்பது முறை. அன்றிரவு வீட்டுப் பெரியவர்கள் கேட்டது அலிபாபாவும் 40 திருடர்களும். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், 1956. எடுத்தது இதே சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது. படம் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே ஒலி இருந்தால், சரவுண்ட் முறையில் ரிசீவர் அதைச் சென்டருக்கே அனுப்பிவிடும். இரண்டரை மணி நேரமும் சென்டர் மட்டும் பேசியது. மற்ற நான்கு ஸ்பீக்கர்களில் காதை ஒட்டிப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. ஒலி மிக நன்றாக இருந்ததாகப் பெரியவர்கள் சொன்னார்கள். அட்டைக்குத்தான் அந்தப் பாராட்டு என்று மச்சினர் எடுத்துக்கொண்டார்.

ஃபேஸ் குமிழ் சப்வூஃபரின் பின்பக்கம் இருக்கிறது. பின்பக்கத்தில் தற்போது மீந்துபோன அட்டைக் கட்டுகள் கூரை வரை அடுக்கப்பட்டுள்ளன.