தாளிப்புக்கு ஒரு பளிங்குச் சுவர்

பொன்னி அரிசிக்குப் பேர்போன மண்ணச்சநல்லூரில், வாடகை வீட்டு அடுப்படிச் சுவர் ஒரே மாலையில் இத்தாலியாகிவிடும். 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீள ஸ்டிக்கர் சுருள். உரித்து ஒட்டினால் பளிங்கு. போரடித்தால் மொராக்கோ டைல்ஸ்.

கடுகு வெடித்துத் தெறித்த எண்ணெய், ஈரத்துணிக்குப் போய்விடும். வம்பெல்லாம் டிஸ்டம்பர் அடித்த சுவரில்தான். குக்கர் ஆவியில் ஓரம் சுருளும். காலி செய்கிற அன்று உரித்தால் சுண்ணாம்பையும் கையோடு கூட்டிவரும். ஹேர் டிரையர் காட்டினால் பசை இளகும், வீட்டுக்காரர் இளகமாட்டார்.

வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்கிறது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். சுவரின் கணக்கு அந்த முன்பணத்தில்தான் கழியும்.

"ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்பது வழக்கமான நிபந்தனை. ஆகவே சமயபுரத்தம்மன் காலண்டர், இத்தாலியப் பளிங்கின்மேல் செல்லோடேப்பில் தொங்குகிறது.