எட்டாம் மாதத் தாகம்

எனக்கு எட்டு மாதம். பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு பாட்டில் தண்ணீர் அரை மணி தாங்குவதில்லை, பாத்ரூமும் அப்படியே. சுகர் டெஸ்ட் நார்மல். ‘தண்ணியைக் குறை’ என்கிறார் மாமியார்.
(வாசகி, அனுப்பர்பாளையம்)

மாமியார் சொன்னதில் இதை மட்டும் காதில் வாங்காதீர்கள், அம்மணி. எட்டாம் மாதத்தில் அடிக்கடி போவது சகஜம்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணீராய் நிறையப் போகிறதா? ராத்திரியும் எழுந்து சொம்பைத் தேடுகிறீர்களா? ஒரு நாள் லீவு போட்டு, போகிற சிறுநீரைப் பழைய பாட்டிலில் அளந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் 3 லிட்டரைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தத்தில் சோடியம், சிறுநீரின் அடர்த்தி இரண்டையும் பார்க்க வேண்டும். அதுவரை தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். குடிக்காவிட்டாலும் வெளியே போவது நிற்காது. ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடும்.

சர்க்கரை இல்லாமலே நீரிழிவு வருமா?
(பல்லடம்)

வரும். ‘நீரிழிவு’ என்ற சொல்லில் சர்க்கரை எங்கே இருக்கிறது? நம் சொல், கர்ப்பத்தில் சர்க்கரை ஏறாமலே தண்ணீராய்ப் போகும் இந்த நோய்க்குத்தான் கச்சிதம், சர்க்கரைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பயம் வேண்டாம், லட்சம் கர்ப்பத்தில் 2 முதல் 4 பேருக்குத்தான் வரும்.

ஏன் வருகிறது? சாயப்பட்டறைக்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.
(வீரபாண்டி)

2011-ல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டுப் போட்ட பிறகு உங்கள் கழிவுநீர் ஆர்.ஓ.வில் ஏறித் திரும்பத் தொட்டிக்கே வருகிறதல்லவா? சிறுநீரகத்துக்கும் அதே வேலை. அங்கே ஆபரேட்டர், மூளையடியில் இருந்து வரும் வாசோபிரெஸ்ஸின் என்ற ஹார்மோன். நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு நொதி இந்த ஆபரேட்டரைத் துண்டாக்கிவிடும். இரட்டைக் குழந்தை என்றால் நஞ்சு பெரிது, நொதியும் அதிகம். அந்த நொதியை ஒழித்துக்கட்டுவது கல்லீரல். அது படுத்துக்கொண்டாலும் இதே கதிதான். அதனால் கல்லீரல் டெஸ்ட்டும் பி.பி.யும் கட்டாயம். மருந்து டெஸ்மோபிரெஸ்ஸின்: அதே ஆபரேட்டர்தான், ஆனால் நொதியின் கத்தரிக்கு மசியாதவர். பிரசவமாகி 4 முதல் 6 வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாத்ரூம் போகச் சங்கடப்பட்டு, ஷிப்ட் முடியும்வரை நான் தண்ணீரே தொடுவதில்லை. எனக்கு இது வராதுதானே?
(கர்ப்பிணி, பெருமாநல்லூர்)

தண்ணீர் குடித்து வருகிற நோயில்லை இது, குடிக்காமல் தடுப்பதற்கு. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கிறீர்கள். கர்ப்பத்தில் அது குறைப்பிரசவம் வரை இழுக்கும். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? முதல் இரண்டு குழந்தைகளுக்கான 26 வார விடுப்பில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நாளைக்கே கேளுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு.