கணக்குப்பிள்ளையும் தண்ணி கட்டுறவரும்

1799க்குப் பிறகு தஞ்சாவூர் ராஜாவாக இருப்பது லேசான உத்தியோகம். காவிரி, நெல், வரி எல்லாவற்றையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டு, இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையையும் வருமானத்தில் ஒரு பங்கையும் விட்டுவைத்தான். சண்டைக்கு எதிரி இல்லை, வசூலுக்கு ஊர் இல்லை. வேறு ராஜா என்றால் சதிர் பார்த்தே காலம் தள்ளியிருப்பார். இவர் மிச்ச நேரத்தில் நோயாளிகளின் கண்ணைப் பார்த்தார்.

கண்ணைத் தோண்டிய ராஜாக்கள் சரித்திரத்தில் ஏராளம். கண்ணுக்குக் கேஸ் ஷீட் போட்டவர் இவர்தான். ஓவியர் நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைவார். கூடவே நோய், பார்வை, மருந்து எல்லாம் எழுத்தில் ஏறும். கண் எப்படி இருக்கிறது என்பதைப் படம் சொல்லும். எப்படி வேலை செய்கிறது என்பதைக் குறிப்பு சொல்லும்.

இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும் என்கிற இந்தச் சூட்சுமம் ஸ்கேன்காரர்களுக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று. 1971இல் வந்த சி.டி. ஸ்கேன் நம்மூர் கணக்குப்பிள்ளை மாதிரி. வரப்பு வாய்க்கால் அத்தனையும் அத்துப்படி. எந்த வயல் தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டால் முழிப்பார். அதைச் சொல்ல பெட் ஸ்கேன் என்கிற தண்ணி கட்டுறவர் வேண்டும். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ரத்தத்தில் திறந்துவிட்டு, எந்தத் திசு பேராசையாகக் குடிக்கிறது என்று பார்ப்பார். அதிலிருக்கும் ஃப்ளோரின்-18 பாதியாகக் குறைய 110 நிமிஷம்தான். முறைப்பாசனம் போல நேரத்தோடு வேலை முடியவேண்டும். ஆனால் "எந்தப் பங்கு?" என்று கேட்டால் "அதோ, அந்தப் பக்கமுங்க" என்று கையை நீட்டுவார்.

இருவரையும் வேறு வேறு நாளில் விசாரித்தார்கள். இடையில் நோயாளி புரண்டு படுத்தார், குடல் நகர்ந்தது. டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து மனசுக்குள் ஒட்டுப்போட்டார். கடைசியில் விஞ்ஞானிகள் டேவிட் டவுன்செண்டும் ரான் நட்டும் இரண்டையும் பெட் சி.டி. என்று ஒரே எந்திரத்தில் உட்காரவைத்தார்கள். 1998இல் பிட்ஸ்பர்க்கில் அது ஓடத் தொடங்கியது. 2000இல் டைம் பத்திரிகை அதைக் கொண்டாடியது. சரபோஜி கண்மூடி அப்போது 168 வருஷம். அவருடைய கண் ஏடுகள் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சத்தமில்லாமல் கிடந்தன.

பெட் சி.டி.க்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் வயிற்றோடு போகவேண்டும். கும்பகோணம் டிகிரி காபியைக் குடித்துவிட்டுப் போனால் தண்ணி கட்டுறவர் குழம்பிவிடுவார். பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் பையில் எடுத்துப்போங்கள். நாட்டைப் பறிகொடுத்த ராஜாகூட கேஸ் ஷீட்டைத் தொலைக்கவில்லை.